தள்ளுவண்டிக்கு ஒரு தொண்டை

கையடக்கப் பெட்டி ஒன்று தெருவியாபாரிக்காகக் கூவுகிறது. அதைச் சரியாக அமைப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

டெல்லியின் குடியிருப்புச் சந்துகளில் பொழுது விடிவதே ஒரு குரலோடுதான். "ஆலூ லே லோ, பியாஜ் லே லோ!" ஆனால் வண்டியைத் தள்ளுகிறவரின் உதடுகள் அசைவதில்லை. அவர் தராசில் உருளைக்கிழங்கை நிறுத்துக்கொண்டிருக்கிறார். கூவுவது வண்டியில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். மும்பையின் பழைய இரும்புக்காரர், சென்னையின் கோலமாவு வியாபாரி, பல நகரங்களின் குப்பை வண்டி என்று பதிவுசெய்த குரலுக்கு மாறியவர்கள் ஏராளம்.

காரணம் சோம்பல் அல்ல. தெருவியாபாரிக்குத் தொண்டைதான் விளம்பரப் பலகை. மூன்றாவது மாடியில் காதில் விழாத வண்டி, விற்காத வண்டி. ஒரு நாள் குரல் கட்டினால் அன்றைய வாடிக்கை போகும், கீரை வாடும். வாடிய கீரைக்கு நஷ்டஈடு தர யாரும் இல்லை.

இந்தத் தொண்டையை விலைக்கு வாங்க டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத்ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு என்று கடைவீதிகள் இருக்கின்றன. ஆயத்தப் பெட்டியும் கிடைக்கும். உதிரியாக வாங்கிப் பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். உதிரிகளில் பிரபலமானது டிஎஃப்பிளேயர் மினி என்ற போர்டு. தபால்தலை அளவே இருக்கும்; நீள அகலம் இரண்டும் சுமார் 2 செ.மீ. மெமரி கார்டைச் செருகும் இடம், எம்பி3 கோப்பை ஒலியாக மாற்றும் சிப், 3 வாட் ஆம்ப்ளிஃபயர் மூன்றும் அதிலேயே அடக்கம். விலை சுமார் 100 முதல் 200 ரூபாய்.

மலிவான பொருள்தான். ஆனால் மூன்று விஷயங்களில் அது யாரையும் மன்னிப்பதில்லை.

முதலாவது, மின்சாரம். போர்டு கேட்பது 5 வோல்ட். அதற்கு மேல் கூடாது. 12 வோல்ட் பேட்டரியை நேரே கொடுத்தால் அத்தோடு கதை முடிந்தது. இடையில் வோல்டேஜைக் குறைக்கும் சிறு போர்டு வேண்டும். 5 வோல்ட்டே கொடுத்தாலும் பேட்டரி பலவீனமாக இருந்தால் குரல் உயரும்போதெல்லாம் போர்டு மூர்ச்சையாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 1 ஆம்பியர் தரக்கூடிய சப்ளையும், அதன் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது, ஸ்பீக்கர் இணைப்பு. போர்டிலிருந்து வரும் இரண்டு ஸ்பீக்கர் முனைகளும் மாறி மாறித் தள்ளி இழுப்பவை. அவற்றில் எதையும் கிரவுண்டோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் சூடாகிப் பழுதாகலாம். இரண்டு கம்பிகளும் நேரே ஸ்பீக்கருக்கே போக வேண்டும்.

மூன்றாவது, கார்டு. 32 ஜிபி வரை, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததைத்தான் போர்டு படிக்கும். 64 ஜிபி கார்டை வாங்கிச் செருகிவிட்டு, போர்டு ஊமை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. கோப்புகள் பெயர் வரிசையில் அல்ல, கார்டில் ஏற்றிய வரிசையிலேயே ஒலிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கு முதலில் வர வேண்டுமானால் அதை முதலில் ஏற்ற வேண்டும்.

இதற்குக் கம்ப்யூட்டர் மூளை தேவையில்லை. போர்டின் இரண்டு பின்களிலிருந்து ஆளுக்கொரு பொத்தான் வைத்துக் கிரவுண்டுக்கு இணைத்தால் போதும். தட்டினால் முந்தைய பதிவு, அடுத்த பதிவு. அழுத்திப் பிடித்தால் சத்தம் குறையும், கூடும்.

வாட் மயக்கம்

இவ்வளவும் செய்த பிறகு வருகிறது ஆசை. 3 வாட் போதாது, 30 வாட் வேண்டும் என்ற ஆசை. கணக்கு வேறு மாதிரி. வாட்டை இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வித்தியாசம். சாதாரண ஸ்பீக்கருக்குப் பதிலாகக் கூம்பு ஸ்பீக்கரை மாட்டி 10 டெசிபல் கூடுதலாகக் கிடைத்தால், அது வாட்டைப் பத்து மடங்காக்கியதற்குச் சமம். பேட்டரிச் செலவு கூடாது. கூம்பில் பாட்டின் அடித்தாளம் எடுபடாது. ஆனால் மனிதப் பேச்சு தெளிவாக எட்டும். விற்பது காய்கறிதானே, கச்சேரி அல்லவே.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. 2014ஆம் ஆண்டின் தெருவியாபாரிகள் சட்டம் விற்பனைச் சான்றிதழுக்கு வழி செய்கிறது; ஒலிபெருக்கி அனுமதி தனி விவகாரம். புகார் வந்தால் ஆபத்து பெட்டிக்கு மட்டுமல்ல, வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைவதற்கும்தான்.

ஆகவே புத்திசாலித்தனம் பதிவில் இருக்கிறது. அமைதியான அறையில், மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, நிதானமாகச் சொன்ன 10 விநாடி அழைப்பு; அதன் பின் 20 விநாடி மௌனம். இதையே திரும்பத் திரும்ப அடுக்கி ஒரு மணி நேரக் கோப்பாக்கிவிட்டால் வேலை முடிந்தது. 64 கேபிபிஎஸ் தரத்தில் அது சுமார் 29 எம்பிதான். ஒரு எச்சரிக்கை: மௌன நேரத்தில் மின்சாரத் தேவை குறைந்துபோவதால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

அந்த 20 விநாடியை வீண் என்று வெட்டி எறிபவர்கள் உண்டு. மாடியிலிருந்து "வெங்காயம் என்ன விலை?" என்று ஒருவர் கேட்பது வியாபாரியின் காதில் விழுவது அந்த 20 விநாடியில்தான்.