உஷார்! பேஸ்புக்கில் போட்ட திருவிழா 30 நாளில் காணாமல் போகும்

போன மாசி மாதம் உங்கள் தோட்டத்தில் ஆடிய காமன் கூத்தை யாராவது பேஸ்புக்கில் லைவ் போட்டார்களா? மாரியம்மன் கோயில் தேரை? இப்போதே போய்த் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. யாரும் ஹேக் பண்ணவில்லை, போட்டவரும் அழிக்கவில்லை. 2025 பெப்ரவரி 19 முதல் பேஸ்புக்கின் விதி மாறிவிட்டது. புதிதாகப் போடும் லைவ் வீடியோ 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். அதற்கு முந்திய பழைய லைவ்களுக்கும் அறிவித்தல் அனுப்பி, எடுத்துக்கொள்ள 90 நாள் தவணை கொடுத்தார்கள். அந்த அறிவித்தலை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

நடப்பது இதுதான். கம்பம் ஊன்றிய நாளிலிருந்து தப்புச் சத்தம் கேட்கிறது. கடைசி இரவு ரதியும் மதனும் வேஷம் கட்டி வரும்போது ஒரு பொடியன் போனை உயர்த்திப் பிடிக்கிறான். கட்டாரில் இருக்கும் அண்ணன் பார்க்கிறார், கொழும்புக் கடையில் நிற்கும் தம்பி பார்க்கிறான், இதயக் குறிகள் பறக்கின்றன. விடிந்ததும் போனில் இடமில்லை என்று கூத்து வீடியோவை அழித்துவிடுகிறான். கேட்டால், "அதுதான் பேஸ்புக்கில இருக்கே" என்கிறான். ஆபத்து அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. கூத்து மாஸ்டருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அவர் குரலில் அந்தப் பாட்டு இன்னொரு முறை கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்தவன் இடத்தில் வைப்பதன் ஆபத்தை மலையகத்தில் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவுக்குக் காணி உறுதி கையில் இல்லையென்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இணையத்தில் நாம் வைத்திருப்பதும் உறுதி இல்லாத காம்பராதான். இருக்க விடும்வரை இருக்கலாம்.

காசு கொடுத்துப் பார்க்கும் படங்களும் அப்படித்தான். நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசெம்பர் கடைசியில் நெட்பிளிக்ஸில் வந்தது. எதிர்ப்பும் பொலிஸ் முறைப்பாடும் கிளம்பியதும், 2024 ஜனவரியில் இரண்டு வாரம்கூட நிற்காமல் தூக்கப்பட்டது. தியேட்டரில் ஓடிய, தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம் அது. பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்த சந்தாதாரருக்குச் சந்தா மட்டும்தான் மிச்சம்.

மாதச் சந்தாதானே இப்படி, 'வாங்கு' என்ற பட்டனை அமத்தி வாங்கினால் நம்முடையதுதானே என்று நினைக்கலாம். அதுவும் இல்லை. 2009 ஜூலையில் அமேசான், கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே ஜோர்ஜ் ஓர்வெலின் '1984' நாவலை அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் கேட்டுவிட்டு அழிக்கவில்லை. இந்தக் குழப்பம் முற்றித்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. விற்பது பார்க்கும் அனுமதி மட்டும்தான் என்றால், அதைச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது. இங்கே நாம்தான் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெட்பிளிக்ஸில் டவுன்லோட் செய்து வைத்தாலும் தவணை உண்டு. சில படங்கள், பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.

இதில் நம் நாட்டுத் தொல்லைகள் தனி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் விலை போட்ட சந்தா எல்லாம் ரூபாயில் அதே வேகத்தில் ஏறியது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக உயர 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூரையில் டிஷ் இருக்கும், ரீலோட் போடாவிட்டால் திரை கறுப்பு.

காசு இருந்தாலும் லைன் இருக்க வேண்டுமே. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண் சரிந்து, பாதை அறுந்து, மின்சாரமும் சிக்னலும் போய், பல தோட்டங்கள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்தன.

ஒரே இடத்தில் வைத்ததை இழந்த கதை நமக்குப் பழையது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹேந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். படச்சுருள்கள் சாம்பலாயின. வி. பி. கணேசன் தயாரித்து, தெளிவத்தை ஜோசப் எழுதி 1975இல் வந்த 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்த படம். அதை ஹட்டனில் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இன்றைய பிள்ளைகள் நல்ல பிரதியில் பார்ப்பதுதான் கஷ்டம். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) உலகத்தில் எங்குமே பிரதியில்லாமல் போய்விட்டது. பெரிய கம்பெனிகளின் படத்துக்கே இந்தக் கதியென்றால், நம் தோட்டத்துத் தேரை யார் காப்பாற்றி வைப்பார்கள்?

சரி, கெசட்டும் சீடியும் அலுமாரியில் இருந்தால் போதுமா? அதுவும் போதாது. தலவாக்கலைப் பனியில் பத்து வருஷம் கிடந்த வீடியோ கெசட்டின் மூடியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரிப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் டெக்கின் ஹெட்டும் கெடும், நாடாவும் அறுபடும். டெக் கிடைப்பதே இனிக் கஷ்டம். கடைசிவரை அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ அடுத்த காம்பராவுக்குத் தாவ எத்தனை நேரம் ஆகும்?

ஆகவே செய்ய வேண்டியவை:

1. லைவ் போட்ட அன்றே அந்த வீடியோவைத் திறந்து, மூன்று புள்ளியை அமத்தி டவுன்லோட் செய்யுங்கள். 30 நாள் கடந்தால் கெஞ்சினாலும் வராது.

2. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். டொகியுமென்டாக அனுப்புங்கள்.

3. வெளிநாடு போனவர், இறந்துபோனவர் ஆகியோரின் கூகுள் கணக்கில் படங்கள் இருக்கின்றனவா? இரண்டு வருஷம் திறக்காத கணக்கை கூகுள் அழிக்கலாம். 2023 டிசெம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. பாஸ்வேர்டைத் தேடி எடுங்கள்.

4. கல்யாணம், சடங்கு, கூத்து எடுத்த பழைய கெசட்டுகளை டெக் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் கொடுத்து இப்போதே மாற்றுங்கள். பூஞ்சணம் பிடித்ததை முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

5. பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உறவுக்காரர் வீட்டில். வருஷத்துக்கு ஒருதரம் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

6. ஃபைலுக்குப் பெயர் வையுங்கள்: எந்தத் தோட்டம், எந்தத் திகதி, யார் பாடியது. பெயரில்லாத வீடியோ இருபது வருஷத்தில் யாருக்கும் புரியாது.

7. ஊருக்குப் பொதுவான பதிவுகளை 2005இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுங்கள். பாடியவரிடமும் ஆடியவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

8. மனதுக்குப் பிடித்த படத்தின் அசல் டிஸ்க் கிடைத்தால் வாங்கி வையுங்கள். களவுக் கொப்பி வேண்டாம். எடுத்தவனுக்குக் காசு போகாத படத்தைக் காப்பாற்றவும் ஆள் இருக்காது.

சந்தாவை நிறுத்தச் சொல்லவில்லை. லைவும் போடுங்கள், தூரத்திலிருக்கும் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் பார்ப்பதற்கு ஓர் இடம், வைப்பதற்கு வேறோர் இடம். கோயில் கமிட்டிக்காரர்களே, வாலிபர் மன்றத்துப் பிள்ளைகளே, அடுத்த திருவிழாச் செலவுக் கணக்கில் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் கீழே இரண்டு ஹார்ட் டிஸ்க் என்று ஒரு வரி எழுதுங்கள். யார் பொறுப்பு என்று அதன் பக்கத்தில் ஒருவர் பெயரையும் போடுங்கள்.