அறிவிப்பில் தொடங்கும் நீதி

நுழையும்முன்

நீதிமன்றம் என்றதும் தீர்ப்பே நம் நினைவுக்கு வருகிறது. தீர்ப்புக்கு முன்னதாக அம்மன்றம் செய்யவேண்டிய கடமை ஒன்றுண்டு, அதுவே அறிவித்தல். தன் உரிமையைப் பற்றி ஓரிடத்தில் வழக்கு நடக்கிறது என்பதை அறியாதவர், அங்குச் சென்று தம் பக்கத்தைச் சொல்ல இயலாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி விசாரணை நீதிமன்றங்கள் மக்களுக்கு எவற்றை அறிவிக்கின்றன, அவ்வறிவிப்பு ஏன் இன்றியமையாதது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மாவட்ட நீதிமன்றங்கள்

அமெரிக்காவில் இருவகை நீதிமன்றங்கள் அருகருகே இயங்குகின்றன. மாநிலச் சட்டங்கள் சார்ந்த பெரும்பாலான வழக்குகளை அந்தந்த மாநில நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. நாடு முழுமைக்கும் உரிய கூட்டாட்சிச் சட்டங்களையும் அரசமைப்பையும் சார்ந்த வழக்குகள் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன. அவற்றுள் சாட்சிகளை நேரில் விசாரிக்கும் முதற்படி, மாவட்ட நீதிமன்றமாகும்.

1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 13 மாவட்டங்களை உருவாக்கியது. இன்று 94 மாவட்ட நீதிமன்றங்கள் உள்ளன. இங்கு ‘மாவட்டம்’ என்பது நம் நாட்டு மாவட்டத்தைப் போன்றதன்று. சிறிய மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டமாக இருப்பதுண்டு. கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் ஆகிய பெரிய மாநிலங்கள் ஒவ்வொன்றும் நான்கு மாவட்டங்களைக் கொண்டுள்ளன.

எவை அறிவிக்கப்படுகின்றன?

பனிப்பொழிவாலும் புயலாலும் நீதிமன்றம் மூடப்படும் நாள், வழக்குரைஞர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, புதிய குடிமக்கள் உறுதிமொழி ஏற்கும் விழா எனப் பல செய்திகளை இந்நீதிமன்றங்கள் வெளியிடுகின்றன. இவற்றுள் சில, மக்களிடம் கருத்துக் கேட்பவை. நீதிமன்றம் தன் நடைமுறை விதியை மாற்ற விரும்பினால், முன்னறிவிப்புச் செய்து மக்கள் கருத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும். எட்டாண்டுப் பதவிக்காலம் உடைய மாஜிஸ்திரேட் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போதும், மீண்டும் அமர்த்தும்போதும் பொது அறிவிப்பு வெளியிடப்படுகிறது. ஆகவே, அறிவிப்பு என்பது அதிகாரம் மக்களுக்கு இடும் கட்டளை மட்டுமன்று. அதிகாரம் மக்களின் கருத்துக்குச் செவிசாய்க்கும் வழியுமாகும்.

எழுபது டாலர் வழக்கு

அறிவிப்பின் அருமையையும் அதன் சுமையையும் ஒருங்கே காட்டும் வழக்கு ஒன்று, 1966ஆம் ஆண்டு நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கியது. பங்குச்சந்தையில் நூறு பங்குகளுக்குக் குறைவாக வாங்கி விற்ற சிறு முதலீட்டாளர்களிடம் மிகைக்கட்டணம் பெறப்பட்டதாக ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவருக்கு நேர்ந்த இழப்பு வெறும் 70 டாலர். எனினும், தம்மைப்போல் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 60 இலட்சம் பேருக்காகவும் அவர் வாதாட முன்வந்தார். இத்தகைய வழக்கைக் குழு வழக்கு என்பர்.

குழு வழக்கில், தாம் விலகிக்கொள்வதாகத் தெரிவிக்காத ஒவ்வொருவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஆதலால், அவர்களுக்கு முன்கூட்டியே செய்தி சென்றடைய வேண்டும். அறுபது இலட்சம் பேருள் ஏறத்தாழ 22,50,000 பேரின் பெயரும் முகவரியும் எளிதில் கண்டறியத்தக்கவையாக இருந்தன. அனைவருக்கும் மடல் அனுப்ப இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் செலவாகும். ஆகவே, சில ஆயிரம் பேருக்கு மட்டும் மடல் அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குச் செய்தித்தாள் விளம்பரம் போதும் என மாவட்ட நீதிமன்றம் கருதியது. அச்செலவின் பெரும்பகுதியை எதிர்வாதிகள் ஏற்க வேண்டும் எனவும் கூறியது.

1974இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. முகவரி தெரிந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். செலவை வாதியே ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எழுபது டாலருக்காக இரண்டு இலட்சம் டாலர் செலவிட எவர் முன்வருவார்? அந்தப் பெருங்குழுவின் வழக்கு அத்துடன் நின்றது.

இத்தீர்ப்பில் இருபுறமும் நியாயம் உண்டு. செய்தித்தாளின் மூலையில் வெளியாகும் சிறுவிளம்பரம் உரியவர் கண்ணில் படுவது தற்செயலே. ஆகவே, தனிமடல் கேட்பது முறையே. ஆயினும், அறிவிப்பின் செலவே வழக்கை முடக்குமானால், எளியவர் முறையிடும் வாயில் அடைபடுகிறது. இச்சிக்கலைத் தணிக்கும் வகையில், மின்னஞ்சல் போன்ற மின்னணு வழிகளிலும் அறிவிக்கலாம் என 2018இல் விதி திருத்தப்பட்டது. அறிவிப்பு எளிதில் விளங்கும் தெளிவான மொழியில் அமைய வேண்டும் என்பதும் விதியாகும். கையில் கிடைத்தும் பொருள் விளங்காத மடல், கிடைக்காத மடலுக்கு ஒப்பானதே.

திறந்த கதவும் அதன் எல்லையும்

குற்ற விசாரணையைக் காணும் உரிமை மக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் உண்டு என உச்ச நீதிமன்றம் 1980இல் உறுதிசெய்தது. ஆனால், கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் நிழற்படம் எடுப்பதும் ஒலிபரப்புவதும் 1946 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. அதனால்தான் அவ்விசாரணைகளின் காட்சிகள், ஓவியர் தீட்டிய படங்களாகவே செய்திகளில் வெளிவருகின்றன.

வழக்கு ஆவணங்களைக் கணினிவழிப் படிக்கவும் ஏற்பாடு உண்டு. அதற்குப் பக்கத்துக்குப் பத்து சென்ட் கட்டணம். நீதிமன்றத்தின் தீர்ப்புரைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பொது ஆவணத்துக்குக் கட்டணம் எதற்கு என்னும் வினா அங்கு நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது.

தெரிந்து தெளிவோம்

“ஜூரி பணிக்கு வரத் தவறிவிட்டீர்கள், உடனே பணம் செலுத்தாவிடில் கைது செய்யப்படுவீர்கள்” என நீதிமன்றத்தின் பெயரால் தொலைபேசியில் மிரட்டுவோர் அமெரிக்காவில் உள்ளனர். நீதிமன்றம் தொலைபேசியில் பணமோ வங்கி விவரமோ கேட்பதில்லை என மாவட்ட நீதிமன்றங்கள் அடிக்கடி எச்சரிக்கை வெளியிடுகின்றன. உண்மையான அறிவிப்பு எவ்வாறு வரும் என அறிந்தவரே பொய்யான அறிவிப்பை இனங்காண்பர்.

நிறைவாக

அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாள் சிறியது. ஆனால், அதனைப் படித்தவர் மறுப்புரைக்கலாம், வழக்கில் சேரலாம், விலகலாம், விசாரணையை நேரில் காணலாம். படிக்க வாய்ப்பில்லாதவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. உரியவருக்கு, உரிய காலத்தில், விளங்கும் மொழியில் சென்றடையும் அறிவிப்பே நீதியின் முதற்படியாகும்.

கற்பவை கற்றபின்

1. பொது அறிவிப்பு ஒன்றைச் செய்தித்தாளிலிருந்து எடுத்து, எளிய தமிழில் மாற்றி எழுதுக.
2. ‘அறிவிப்பின் செலவை யார் ஏற்க வேண்டும்?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.