உஷார்! பந்தல் மேசையில் திறந்து கிடக்கும் ரிஜிஸ்டர்

விழாக் கமிட்டிக்காரர்களே, முகாம் நடத்தும் சங்கத்து நண்பர்களே, கல்லூரி விழாவுக்கு கூகுள் ஃபார்ம் போடும் தம்பி தங்கைகளே, இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியாக நீங்கள் நடத்திய நிகழ்ச்சியின் வருகைப் பதிவேடு இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். மேசையில் உட்கார்ந்து எழுதியவர் வீட்டிலா? மைக்செட் பெட்டியோடு போய்விட்டதா? யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்களா? பதில் சட்டென்று வரவில்லை என்றால், உங்களை நம்பி வந்தவர்களின் பெயரும் செல்போன் எண்ணும் எங்கோ அலைகின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் கூட்டம் கூடுவதற்குக் குறைவே இல்லை. ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா, திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி, மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரி. இவை போக ரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம், வேலைவாய்ப்பு முகாம். முகாம் என்றால் ஒரு மேசை, மேசை என்றால் ஒரு நீள ரிஜிஸ்டர். உங்கள் பெயரை எழுதக் குனியும்போதே முன்னால் வந்த இருபது பேரின் விவரமும் கண்ணில் படுகிறது. ஒரு பெண் எண்ணை எழுதிவிட்டு நகர்ந்ததும், பின்னால் நிற்பவன் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க எத்தனை நொடி ஆகும்? அன்றிரவே தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ் வரும். வெளியே சொல்லவும் அவள் தயங்குவாள். ‘நம்பரை ஏன் எழுதிக் கொடுத்தாய்’ என்று வீட்டில் அவளைத்தான் கேட்பார்கள்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் 2021-ஐ நினைத்துப் பாருங்கள். புதுச்சேரி சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6-ல் நடந்தது. காரைக்காலின் ஐந்து தொகுதிகளும் அதில் அடக்கம். அதற்கு முன் வாக்காளர்களின் செல்போனுக்கு பாஜக தரப்பிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது. அதிலிருந்த லிங்கை அழுத்தினால் அவரவர் வாக்குச்சாவடிக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பில் சேரலாம். இந்த எண்ணுக்குரியவர் இந்தச் சாவடிக்காரர் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஆதாரோடு இணைத்த எண்களுக்குத்தான் செய்தி வந்தது என்று இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தினர் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வாங்கிய எண்கள் என்றது கட்சி. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு குற்றச்சாட்டை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விவரம் எப்படிப் போனது என்று ஆதார் ஆணையம் பதில் சொல்ல வேண்டும் என்றது.

அந்த வழக்கில் என்னை அதிகம் கலக்குவது கட்சி சொன்ன பதில்தான். அது முழு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாசலில் நின்று ‘நம்பர் சொல்லுங்கம்மா’ என்று கேட்டவரிடம் எண்ணைச் சொன்ன ஒவ்வொருவரும், அது எந்தப் பட்டியலில் ஏறப்போகிறது என்று தெரியாமலே சொல்லியிருக்கிறார்கள். நம் முகாம் மேசையிலும் நடப்பது அதுதான். கண் பரிசோதனைக்குக் கொடுத்த எண் அடுத்த மாதம் நகைச்சீட்டுக்காரரிடமும், தேர்தல் வந்தால் கட்சி அலுவலகத்திலும் இருக்கும்.

சின்ன ஊர் என்பதால் ஆபத்து குறையாது, கூடத்தான் செய்யும். தெருப் பெயரும் அப்பா பெயரும் கிடைத்தால் ஆளையே பிடித்துவிடலாம். இன்னொன்றும் உண்டு: பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பிரான்சில் வாழும் காரைக்கால் குடும்பங்கள் ஏராளம். கல்யாணத்துக்கு அவர்கள் வரும்போது, ஓட்டலில் வெளிநாட்டவருக்கான படிவம் நிரப்ப வேண்டும் என்று சொல்லி எல்லோருடைய பாஸ்போர்ட் படத்தையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் வாங்கிப் போடுகிறார்கள். சமையல்காரர், கார் டிரைவர், போட்டோகிராபர் எல்லோரும் இருக்கிற குரூப் அது! பாஸ்போர்ட் நகல் நேராக ஓட்டலுக்குத்தான் போக வேண்டும். நடுவில் யாரும் வாங்கி வைக்கக் கூடாது.

பெரிய இடத்திலேயே பாஸ்போர்ட் விவரம் கைதவறிப் போயிருக்கிறது. 2014 நவம்பரில் பிரிஸ்பேனில் ஜி20 மாநாடு. அதற்கு வரவிருந்த 31 தலைவர்களின் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, விசா விவரம் அத்தனையையும் ஆஸ்திரேலிய குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் தவறுதலாக ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அமைப்பாளருக்கு மின்னஞ்சல் செய்துவிட்டார். முகவரியின் முதல் எழுத்துகளை அடித்ததும் கணினி தானாக நிரப்பிய பெயரை அவர் சரிபார்க்கவில்லை. நம் பிரதமர் மோடியின் விவரமும் அதில் இருந்தது. தலைவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று துறை முடிவு செய்தது. 2015 மார்ச்சில் பத்திரிகை வழியாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் கீழகாசாக்குடிமேட்டு மீனவர் குடும்பத்துக்கு யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

மோசடிக்காரனுக்கு இப்படிப்பட்ட பட்டியல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. திருநள்ளாறு கோயில் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பூஜைக்குப் பணம் வாங்கியதாக 2025-ல் காரைக்கால் போலீஸார் கைது நடவடிக்கை எடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சனிப்பெயர்ச்சிக்கு யார் யார் வந்தார்கள், என்ன ராசி, எந்த எண் என்ற பட்டியல் அப்படி ஒருவரிடம் சிக்கினால் என்ன ஆகும்? ‘உங்கள் பரிகாரம் பாக்கி’ என்று பெயர் சொல்லி போன் வரும். பெயரும் ராசியும் சரியாகச் சொன்னவனை எந்தப் பக்தர் சந்தேகப்படுவார்? கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்பி, அதை நிறுவியதும் போனையே கைப்பற்றும் மோசடி குறித்து 2024-ல் இமாசலப் பிரதேச போலீஸார் எச்சரித்தார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் பட்டியல் கசிந்தால் அந்தக் கோப்பு உங்கள் பெயரிலேயே உறவுக்காரர்களுக்குப் போகும்.

அதனால் கேட்பதையே குறையுங்கள். சாப்பாட்டு டோக்கனுக்கு ஆதார் எதற்கு? அடையாளம் பார்த்தே தீர வேண்டுமென்றால் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், ஜெராக்ஸ் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். நீள ரிஜிஸ்டரை ஒழித்து ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள், எழுதியதும் மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். கூகுள் ஃபார்மில் பதில்களின் சுருக்கத்தைக் காட்டும் வசதி திறந்திருந்தால், நிரப்பியவரெல்லாம் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கலாம். முதலில் அதை மூடுங்கள். பதில்கள் சேரும் ஷீட்டை ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள். ஸ்பான்சர் லிஸ்ட் கேட்டால், பணமே கொடுத்திருந்தாலும், கிடையாது என்று சொல்லுங்கள். ரத்த வகை, நோய் விவரம் எழுதிய தாள் டாக்டரைத் தாண்டிப் போகக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளின் படத்தைப் பெயர், வகுப்போடு சேர்த்து ஃபேஸ்புக்கில் போடவே போடாதீர்கள்.

சட்டமும் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் அமலாகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பைக் கேட்டால் தமிழிலும் தர வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். வெறும் தாளில் எழுதியதை இந்தச் சட்டம் தொடாது. அதையே எக்செல்லில் ஏற்றினால் தொடும். சொந்த வீட்டு விசேஷத்துக்குப் பட்டியல் போடும் தனிநபருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை நம்பி, லேப்டாப்பில் மொய் எழுதித் தரும் நிறுவனமும் மண்டபக்காரரும் சும்மா இருக்க முடியாது. மொய் எழுதி முடிந்ததும் கோப்பை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு, அவர்கள் கணினியிலிருந்து உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.

தாளும் லேசுப்பட்டதல்ல. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போன வருகைப் பதிவேடு வடை கட்டிய பொட்டலமாகத் தெருவுக்கு வரும். நிகழ்ச்சி முடிந்து கணக்கு ஒப்படைத்ததும் கிழித்து எரித்துவிடுங்கள். இந்த வேலைக்கென்று ஒருவரைக் கமிட்டிக் கூட்டத்திலேயே பெயர் சொல்லி நியமியுங்கள்.

இவ்வளவுக்கும் மேல் கசிந்துவிட்டதா? ஒளிக்காதீர்கள். அன்றைக்கே பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தகவல் சொல்லுங்கள்: எங்கள் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள், எந்தக் கோப்பையும் திறக்காதீர்கள். பணம் போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.