தூத்துக்குடி ஆழமானால் சாத்தூருக்கு என்ன?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. அதன் துறைமுகம் தூத்துக்குடிதான். சாத்தூரில் தீப்பெட்டி அடுக்கிச் சீல் வைத்த கண்டெய்னர் பெரும்பாலும் சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே இறக்கப்பட்டு, காத்திருந்து, பிறகே பெரிய கப்பலில் ஏறுகிறது. ஒவ்வொரு தூக்கலுக்கும் கூலி, ஒவ்வொரு காத்திருப்புக்கும் நாள். பெரிய கப்பல் நேரே இங்கு வந்து இந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் தூத்துக்குடி வெளித்துறைமுக முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

கொழும்பு பக்கத்தில் இருக்கிறது, இயற்கையாகவே ஆழமான கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகமும் 2025-இல் முறைப்படி திறக்கப்பட்டுவிட்டது, பிறகு இங்கே ஏன் கடலைத் தோண்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்தவர் துறைமுகத்தில் நெரிசல் வந்தால் முதலில் தேங்குவது நம் சரக்கு. எனக்குள்ள கவலை வேறு. பெரிய கப்பல் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான கண்டெய்னர்களை இறக்கும். அத்தனை லாரியையும் தூத்துக்குடித் தெருக்கள் தாங்காது. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் துறைமுகம் வரை ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. சுங்கச் சோதனையும் சரக்கு முற்றமும் அந்தப் பாதையோரம் உள்நாட்டிலேயே அமைய வேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் தீப்பற்றும் சரக்கு என்பதால் அவற்றுக்குக் குடியிருப்பை விட்டு விலகிய தனி முற்றம் வேண்டும். வெடிவிபத்தில் உயிர்களைப் பறிகொடுத்த வட்டாரம் இதில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. முனையத்தின் வரைபடத்தோடு இந்த முற்றத்தின் வரைபடமும் இப்போதே தயாராக வேண்டும்.