ஸ்பீடு டெஸ்ட் ஓகே, வீடியோ கால் மட்டும் திக்குதா? கேபிள் நெட்டில் '64'க்கும் '256'க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்!

ஸ்பீடு டெஸ்டில் நல்ல வேகம் காட்டும். ஆனால் வீடியோ காலில் முகம் உறையும், குரல் விட்டு விட்டு வரும். கேபிள் வழியாக இன்டர்நெட் வரும் வீடுகளில் இது பழகிப்போன புகார். மோடத்தை மாற்றினாலும் சில நேரம் தீராது. ஏன்னா, கோளாறு கேபிளில் வரும் சில சேனல்களில் மட்டும் இருக்கலாம்.

சேனல் என்றால்?

இது டிவி சேனல் அல்ல. டேட்டா வரும் அலைவரிசைத் துண்டு. கேபிள் நிறுவனத்தின் கருவியில் உள்ள ஒரு டவுன்ஸ்ட்ரீம் போர்ட்டிலிருந்து பல சேனல்கள் கிளம்பி, ஒரு பகுதியின் வீடுகளுக்கு வருகின்றன. டாக்சிஸ் 3.0 மோடம்கள் இவற்றைச் சேர்த்து ஒரே இணைப்பாகப் பயன்படுத்தும்.

64, 256 என்ன கணக்கு?

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 8-க்கு 8 வைத்தால் 64 புள்ளி. அதே இடத்தில் 16-க்கு 16 வைத்தால் 256 புள்ளி. '64 குவாம்' முறையில் ஒரு புள்ளி 6 பிட் டேட்டா சுமக்கும்; '256 குவாம்' முறையில் 8 பிட். ஆனால் புள்ளிகள் நெருங்கிவிட்டதால், கொஞ்சம் இரைச்சல் வந்தாலே மோடம் பக்கத்துப் புள்ளியைப் படித்துவிடும்.

அமெரிக்க டாக்சிஸ் முறையில், 6 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 64 குவாம் தருவது நொடிக்கு சுமார் 27 மெகாபிட். 256 குவாம் தருவது சுமார் 38. அதற்கு சிக்னல் இரைச்சலைவிட 30 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும். 64-க்கு 23.5 போதும்.

கலந்து அமைப்பது எதற்கு?

எல்லா அலைவரிசையும் ஒரே மாதிரி வராது. அதிர்வெண் கூடக்கூட கேபிளில் சிக்னல் அதிகம் தேயும். சில இடங்களில் செல்போன் அலையும் உள்ளே புகும். அந்த சேனல்களை மட்டும் 64-க்கு இறக்கி, மற்றதை 256-லேயே விடுவதுதான் கலப்பு மாடுலேஷன்.

8 சேனலும் 256 என்றால் மொத்தம் 304 மெகாபிட். இரண்டை மட்டும் இறக்கினால் 282. எட்டையும் இறக்கினால் வெறும் 216. இரண்டு சேனல் கெட்டதற்காக எல்லாவற்றையும் இறக்கினால், அந்தப் பகுதியில் எல்லோருக்கும் நஷ்டம்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

பல கேபிள் மோடம்களில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால், ஒவ்வொரு சேனலின் மாடுலேஷனும் சிக்னல்-இரைச்சல் அளவும் தெரியும். 256 சேனலில் அது 30-ஐ ஒட்டியோ கீழேயோ இருந்தால், முதலில் லூசான கனெக்டர், தேவையில்லாத ஸ்பிளிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகும் ஏறாவிட்டால், அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபரேட்டரிடம் காட்டுங்கள். 'நெட் ஸ்லோ' என்பதைவிட, எந்த சேனலில் கோளாறு என்று சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். 64-க்கு இறக்குவது தற்காலிகக் கட்டுதான். பழுதான கேபிளைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டால், குறைந்த வேகத்துக்கும் முழுக் கட்டணம் கட்டுவது வாடிக்கையாளர்தான்.