மோகனாம்பாளை மறுபடியும் படித்தால் தெரிவது என்ன?

சிறு வயதில் வாரா வாரம் காத்திருந்து படித்த ஒரு தொடர்கதையை, பிள்ளைகள் பெற்று வளர்த்த பிறகு மீண்டும் கையில் எடுத்தால் அதே சுவை கிடைக்குமா? கிடைக்காது, பழைய நினைவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதே சுவை கிடைக்காதுதான்; ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று கிடைக்கும் என்பதே அனுபவப்பட்ட வாசகர்களின் பதில். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாட்டியக்காரப் பெண்ணின் கதையைவிடப் பொருத்தமானது வேறில்லை. அந்தக் கதைதான் 'தில்லானா மோகனாம்பாள்'.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான் போன்ற இடங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோட்டங்களில் தமிழ்நாட்டு வார இதழ் ஒன்று வந்தால், அது ஒரு வீட்டோடு நின்றதில்லை. ஒரு லயத்தில் தொடங்கி அடுத்த லயத்திற்குக் கைமாறும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்துப் புத்தகமாக வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். வயது வந்தவர்களுக்காக எழுதப்பட்ட கதைகளைப் பிள்ளைகளும் படித்தது இப்படித்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, பழைய தாள் என்று முதலில் கழித்துக் கட்டப்பட்டவற்றில் இந்தத் தையல் புத்தகங்களும் அடக்கம்.

படம் வேறு, கதை வேறு

இன்று மோகனாம்பாள் என்றதும் நினைவுக்கு வருவது 1968ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான ஏ.பி. நாகராஜனின் திரைப்படம். சிவாஜி கணேசன், பத்மினி, மனோரமா, நாகேஷ், டி.எஸ். பாலையா என்று யாரையும் மறக்க முடியாது. சிவாஜி வாயில் வைத்த நாதஸ்வரத்திற்கு உண்மையில் உயிர் கொடுத்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

ஆனால் படத்திற்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1950களின் பிற்பகுதியில், அது ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்துவிட்டது. எழுதியவர் 'கலைமணி' என்ற புனைபெயர் கொண்ட கொத்தமங்கலம் சுப்பு. ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றியவர், நடிகர், 1953ஆம் ஆண்டு வெளிவந்த 'ஔவையார்' படத்தின் இயக்குநர். தொடருக்குப் படம் வரைந்தவர் ஓவியர் கோபுலு. தஞ்சை மண்ணின் பேச்சும், கோபுலுவின் கோடும் சேர்ந்து மோகனாவைப் பல வீடுகளில் ஒரு சொந்தக்காரப் பெண்ணாகவே ஆக்கிவிட்டன.

மூன்று மணி நேரத்திற்குள் அடங்க வேண்டிய கட்டாயம் படத்திற்கு உண்டு. கதைக்கு அது இல்லை. ஆகவே படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கதையைத் தெரியும் என்று நினைப்பவர்கள், புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. பயணங்கள், சத்திரங்கள், கச்சேரி பேசி முடிப்பது, முன்பணம் வாங்குவது, பக்கவாத்தியக்காரர்களின் பசி என்று ஒரு முழு உலகமே அங்கே விரிகிறது.

பெரிய மேளமும் சின்ன மேளமும்

பத்து, பன்னிரண்டு வயதில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கதையில் ஒரே கேள்விதான் உண்டு. நாதஸ்வரம் ஜெயிக்குமா, சலங்கை ஜெயிக்குமா? சிக்கல் சண்முகசுந்தரத்திற்குக் கோபம் ஏன் பொத்துக்கொண்டு வருகிறது என்பது அந்த வயதில் புரியாது. முன்கோபி என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடும்.

உண்மையில் அந்தக் கோபத்திற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தஞ்சை வட்டாரக் கோயில்களில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். சதிர் ஆட்டமும் அதற்குரிய பக்கவாத்தியங்களும் சேர்ந்தது சின்ன மேளம். சாமி புறப்பாட்டின் போது திறந்த வெளியில் ஊரே கேட்க முழங்குவது முதலாவது. மண்டபத்திலும் மாளிகையிலும் ஆடப்படுவது இரண்டாவது. பிற்காலத்தில் இசை வேளாளர் என்று அழைக்கப்பட்ட சமூகத்தின் கலைக் குடும்பங்களில், இரண்டுமே வளர்ந்தன. ஆண்கள் நாதஸ்வரமும் தவிலும் நட்டுவாங்கமும் கற்றார்கள். பெண்கள் ஆட்டமும் பாட்டும் கற்றார்கள்.

ஆகவே சண்முகசுந்தரத்திற்கும் மோகனாவுக்கும் இடையே நடப்பது வெறும் காதலர் சண்டையல்ல. ஒரே மரத்தின் இரண்டு கிளைகளுக்குள் எதற்கு மரியாதை அதிகம் என்ற வழக்கு. தலைப்பில் உள்ள தில்லானாவும் சும்மா வைக்கப்பட்ட சொல் அல்ல. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாட்டியக் கச்சேரிக்கு ஒரு வரிசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று வளர்ந்து, விறுவிறுப்பான தாளக்கட்டோடு தில்லானாவில் முடியும். ஆடி ஆடிக் களைத்துப்போன உடம்பு, தன் முழுத் திறமையையும் காட்ட வேண்டிய கடைசி இடம் அது. போட்டி அங்கே வைக்கப்பட்டதன் நியாயம் நாட்டியம் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

வடிவாம்பாள் கெட்டவளா?

சிறு வயதில் எல்லாருக்கும் பிடிக்காத பாத்திரம் மோகனாவின் தாயார் வடிவாம்பாள். மகள் ஒருவனை மனதில் வைத்திருக்க, தாய் பணக்காரர்களைத் தேடுகிறாள். "ஏம்மா, பெத்த அம்மாவே இப்படிச் செய்வாங்களா?" என்று படம் பார்க்கும் பிள்ளைகள் இன்றும் கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்கு, "அவங்க கெட்ட அம்மா, அவ்வளவுதான்" என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது.

ஆனால் பெற்றோரான பிறகு படிப்பவர்களுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த வீட்டில் சம்பாதிப்பவள் மகள் ஒருத்திதான். அவள் ஆடினால்தான் நட்டுவனாருக்குச் சம்பளம், பாட்டுக்காரருக்குச் சாப்பாடு, தாய்க்கு முதுமையில் பாதுகாப்பு. நாட்டியக் குடும்பங்களில் வீட்டின் தலைமை பெண்ணிடம் இருந்தது. சொத்தும் பெண் வழியில் வந்தது. மற்ற பெண்களுக்குக் கிடைக்காத உரிமைதான். ஆனால் அதற்கு ஈடாக அந்தக் குடும்பம் நம்பி நின்றது கோயில் மானியத்தையும், மிராசுதார், ஜமீன்தார்களின் தயவையும்தான். மகளுக்குத் திருமணம் என்றால் அந்த வருமானம் நிற்கும். வடிவாம்பாளின் பேராசைக்குள் ஒரு பயமும் ஒளிந்திருக்கிறது. செய்தது நியாயம் என்று சொல்வதற்கில்லை. ஏன் செய்தாள் என்பது மட்டும் புரிகிறது.

வைத்தியும் அப்படித்தான். நாகேஷின் நடிப்பால் அவர் ஒரு சிரிப்புப் பாத்திரமாகவே மனதில் தங்கிவிட்டார். கதையை நிதானமாகப் படித்தால் சிரிப்பு குறைகிறது. ஒரு பெண்ணை மைனரிடமும் மகாராஜாவிடமும் பேரம் பேசும் தரகர் அவர். பிள்ளைப் பருவத்தில் சிரிக்க வைத்தவர் பெரியவர்களைக் கூச வைக்கிறார். மீண்டும் படிப்பதன் பயன் இதுதான். சிறு வயதில் யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கிறோம். வயதான பிறகு யார் பணம் கொடுக்கிறார்கள், யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்க்கிறோம்.

சட்டம் வந்தது, மேடை மாறியது

இந்தத் தொடர் வெளிவந்தபோது, அது காட்டிய உலகம் ஏற்கெனவே மறைந்துகொண்டிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியில் சென்னை சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். அவருடைய தாயாரே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். நெடுங்காலப் போராட்டத்திற்குப் பிறகு 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது.

அதே காலத்தில் நாட்டியத்தையே ஒழித்துவிடக் கூடாது என்று வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் போன்றோர் வாதாடினார்கள். சதிர் என்ற பெயர் பின்னுக்குப் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது. ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்துப் பாலே கற்ற ருக்மிணி தேவி, சொந்த மண்ணின் ஆட்டத்தையும் தேடிப் பார் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935ஆம் ஆண்டு மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரா தொடங்கப்பட்டது. மற்ற சமூகத்துப் பெண்களும் சலங்கை கட்டத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு லாபமும் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. பெண்களைப் பேரம் பேசிய வழக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அது மிகப் பெரிய விடுதலை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைச் சுமந்து வந்த குடும்பத்துப் பெண்களில் பலர், அவமானத்திற்குப் பயந்து சலங்கையைக் கழற்றி வைத்தார்கள். தஞ்சாவூர் பாலசரஸ்வதி போல் நிமிர்ந்து நின்று உலகப் புகழ் பெற்றவர்கள் மிகச் சிலரே. 1977ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. மோகனாம்பாள் படம் வெளியான அதே 1968 ஜூலையில்தான் முத்துலட்சுமி ரெட்டி காலமானார். ஒருவர் ஒழிக்கப் போராடிய வழக்கத்தின் சாயலை, இன்னொருபுறம் திரையில் பார்த்து மக்கள் கண் கலங்கினார்கள்.

ஆங்கிலப் பிள்ளைகளும் இதையே கண்டார்கள்

இந்த அனுபவம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலத்தில் பாலே ஆடும் சிறுமிகளைப் பற்றிய கதை வரிசைகள் பல உண்டு. நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்டின் 'பாலே ஷூஸ்' 1936ஆம் ஆண்டு வந்தது. சிறுமிகளாகப் படித்தவர்களுக்கு அதில் நினைவிருப்பது ஆட்டமும் உடுப்பும். மீண்டும் படித்தால், கையில் காசில்லாத ஒரு வீடு தெரிகிறது. அறைகளை வாடகைக்கு விட்டு, பன்னிரண்டு வயது நிரம்பியதும் உரிமம் வாங்கி மேடையேறி, வீட்டுச் செலவுக்குச் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைகள் தெரிகிறார்கள்.

ஜீன் எஸ்டோரில் எழுதிய 'டிரினா' வரிசை 1957ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே பாட்டி பேத்தியின் நாட்டிய ஆசையைத் தடுக்கிறார். சிறுமிகளுக்கு அவர் ஒரு முட்டுக்கட்டை. பெரியவர்களுக்கோ, நாட்டியக்காரியான மகளை விமான விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய். லண்டன் பாட்டியும் தஞ்சாவூர் வடிவாம்பாளும் நேர் எதிர்த் திசையில் இழுக்கிறார்கள். ஒருவர் ஆடாதே என்கிறார், மற்றவர் ஆடுவதை நிறுத்தாதே என்கிறார். ஆனால் இருவருடைய பயத்திற்கும் விலை கொடுப்பவள் பேத்தியும் மகளும்தான்.

நம் வீட்டு மேடைக்கு ஒரு பாடம்

மலேசியாவில் இன்று நாட்டியம் பிறப்போடு கட்டப்பட்டதல்ல. 1981ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பல தலைமுறைப் பிள்ளைகளை உருவாக்கியிருக்கிறது. பாலே, பரதம், ஒடிசி மூன்றையும் கற்ற ரம்லி இப்ராஹிம், 1983ஆம் ஆண்டு சூத்ரா நாட்டியக் குழுவை நிறுவினார். தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளி விழாவிலும் பிள்ளைகள் ஆடாத மேடை கிடையாது.

அதற்காகப் பழைய கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று சொல்ல முடியாது. பிள்ளை ஆடுவது அவள் ஆசைக்கா, பெற்றோரின் பெருமைக்கா? அரங்கேற்றம் என்றால் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவாகும் என்று தெரிந்தும், கடன் வாங்கி நடத்துவது யாருக்காக? திறமையுள்ள ஒரு தொழிலாளியின் மகள் பணம் இல்லாததால் பாதியில் நிறுத்தினால், அது யார் நஷ்டம்? எட்டு வயதுக் குழந்தையைப் பெரியவர்களுக்கான சினிமாப் பாட்டுக்கு ஆட வைத்துக் கைதட்டும்போது, கைதட்டுகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? மோகனாம்பாளைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் தானாக வரும்.

ஆகவே பெற்றோர்கள் செய்யக்கூடிய ஒரு சிறிய காரியம் உண்டு. படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை என்றால் நாவலையும் சேர்ந்து படிக்கலாம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் பெரியவர்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். தஞ்சைப் பேச்சு காதில் விழுந்தால்தான் அதன் ருசி. ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் மூன்று கேள்விகள் போதும். மோகனா யாருக்காக ஆடுகிறாள்? பணம் யார் கைக்குப் போகிறது? ஆடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது யார்?

பிள்ளை சொல்லும் பதிலும் தாய் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை. மகள் சண்முகசுந்தரத்தின் பக்கம் பேசட்டும். தாய் வடிவாம்பாளின் பயத்தை எடுத்துச் சொல்லட்டும். ஒரு வீட்டில் தாயும் மகளும் மனம் விட்டுப் பேச ஒரு பழைய தொடர்கதை வழி செய்தால், அதைவிட அந்தக் கதைக்கு வேறு மரியாதை தேவையில்லை. பரணிலோ பழைய பெட்டியிலோ தைத்து வைத்த பக்கங்கள் இன்னும் கிடந்தால், அடுத்த முறை வீடு ஒழிக்கும்போது அவற்றைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஓர் அத்தியாயமாவது படித்துப் பாருங்கள்.