கைப்பிடியில் ஒரு சிற்றுயிர்

சோழ மன்னர்களுக்குச் செம்பியன் என்பது ஒரு சிறப்புப் பெயர். பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் அடைக்கலம் புகுந்த புறாவைக் காக்கத் தன் தசையையே அரிந்து கொடுத்தவன் சிபி என்பது பழங்கதை. அவன் வழியில் வந்தவர்கள் தாம் எனச் சோழர் பெருமிதம் கொண்டனர். கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவி எனப் பெயர் பெற்றார். அவர் பெயரால் அமைந்த ஊர் நாகப்பட்டின மாவட்டத்தில் இன்றும் இருக்கிறது. சிற்றுயிரைக் காத்த செயலைக் குலப்பெயராகக் கொண்ட நாடு காவிரி நாடு.

அக்கதையில் புறா தானே வந்து மன்னனைச் சரணடைந்தது. நம் வீட்டில் வாழும் பறவைகள் நோயுற்றபோது அவ்வாறு வருவதில்லை. மருந்து ஏந்தி வரும் நம் கை, அவற்றின் கண்ணுக்குப் பருந்தின் காலாகவே தோன்றும். உதவ வந்த கைக்கு அஞ்சி அவை ஓடும், படபடக்கும், கொத்தும். அவற்றைப் பிடிக்காமல் உதவ இயலாது. இறுகப் பிடித்தாலோ உயிருக்கே ஊறு நேரும். ஆதலின், தீங்கு செய்யாமல் பறவையைப் பிடித்துப் பேணுவது எவ்வாறு என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய கருவியும் அரியது அன்று. உழவரின் தோளில் கிடக்கும் துண்டே அதற்குப் போதும்.

தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினப் பகுதிகளில் கோழியும் புறாவும் வளர்க்காத சிற்றூர் அரிது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்கள் சிந்திய நெல்லையும் நத்தைகளையும் மேய்வதும் இங்குக் காணும் காட்சியே. நகரங்களிலோ, கூண்டுகளில் வண்ணச் சிறுகிளிகளை வளர்ப்போர் உண்டு. மக்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று பொதுவாக அழைக்கும் பறவைகளுள் பெரும்பாலானவை பட்ஜெரிகார் என்னும் ஆஸ்திரேலியக் கிளிகளாகும். ஜான் கூல்டு என்னும் பறவையியலார் 1840ஆம் ஆண்டில் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் அவை உலகெங்கும் பரவின. காக்டீல் என்னும் கொண்டைக்கிளியும் அந்நாட்டதே. ஆனால் நம் நாட்டுப் பச்சைக்கிளி, மைனா முதலியவற்றைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றமாகும் என்பதை மறத்தல் கூடாது.

வளர்க்கும் பறவையைக் கையில் பிடிக்க வேண்டிய காலங்கள் பல. அளவுக்கு மீறி வளர்ந்த நகத்தை வெட்ட வேண்டும்; காலில் சுற்றிய நூலையோ மயிரையோ அகற்ற வேண்டும்; புண்ணுக்கு மருந்திட வேண்டும்; அலகினுள் மருந்து புகட்ட வேண்டும். மேலும், பறவைகள் தம் நோயை மறைக்கும் இயல்புடையவை. கூட்டத்தில் தளர்ந்து தோன்றும் பறவையைப் பகைவிலங்கு முதலில் குறிவைக்கும் ஆதலால், இயன்றவரை நலமுள்ளது போலவே அவை நடமாடும். சோர்வு வெளிப்படும்போது நோய் முற்றியிருப்பதும் உண்டு. எனவே, அவ்வப்போது கையில் எடுத்துப் பார்ப்பது வளர்ப்பவரின் கடமையாகும்.

பிடிக்கும் முறையைக் கற்குமுன், பறவை எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். நமக்கு மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத்திரை இருக்கிறது. அது கீழிறங்கும்போது நுரையீரல் விரிந்து காற்று உட்புகுகிறது. பறவைக்கு அத்தகைய திரை இல்லை. அதன் நுரையீரலும் நம்முடையது போல விரிந்து சுருங்குவதில்லை. நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் அதன் உடலில் உள்ளன. பெரும்பாலான பறவைகளில் அவை ஒன்பது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைய, அப்பைகள் விரிந்து சுருங்கிக் காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. கொல்லன் உலைக்களத்தில் துருத்தி வேலை செய்வது போன்றது இது. துருத்தியின் பலகையை அசையாமல் கட்டிவிட்டால் உலையில் காற்று எழுமா? அதுபோலவே, பறவையின் மார்பை அழுத்திப் பிடித்தால் அதன் மூச்சு நின்றுவிடும். மூக்கும் வாயும் திறந்திருந்தும் அது மூச்சுத்திணறி இறக்கும். நசுக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத அன்புக் கைகளிலும் பறவைகள் மடிவதற்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மையிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. தலையை உறுதியாகப் பிடிக்கலாம். சிறகுகளை அடக்கி வைக்கலாம். மார்பை மட்டும் அழுத்தலாகாது. பறவையைப் பிடிக்கும் கலை முழுவதும் இவ்விதியில் அடங்கும்.

துண்டு இதற்கு எவ்வாறு உதவுகிறது? வெறுங்கையால் பிடிக்கும்போது சிறகு உதறும். அதனால் எலும்பு முறிதலும் கூடும். துண்டின் மடிப்பு இரு சிறகுகளையும் உடலோடு மெல்ல அணைத்து வைக்கிறது. கிளியின் அலகு நம் விரலைக் கவ்வாமல் தடுக்கிறது. எல்லாவற்றினும் மேலாக, அது இருளைத் தருகிறது. கண் மறைந்தால் பறவையின் அச்சம் பெரிதும் தணியும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சோழநாட்டின் தென்கிழக்கு முனையில் கோடியக்கரை இருக்கிறது. 1967ஆம் ஆண்டில் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் அங்கு வந்து சேரும். 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்குப் பறவைகளை வலையிற் பிடித்து, எண் பொறித்த சிறு வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டு வந்துள்ளனர். வடதுருவத்தை அடுத்த நிலங்களில் பிறந்து நம் கடற்கரைக்கு வரும் கொசு உள்ளான், கைக்குள் அடங்கும் சிறுபறவை. வலையிலிருந்து எடுத்த பறவையைப் பருத்தித் துணிப்பையில் இடுவது இத்தகைய ஆய்வாளர் வழக்கம். பையின் இருளில் அது அடங்கியிருக்கும். வளையம் மாட்டும்போது அதன் முதுகை உள்ளங்கையில் வைத்து, கழுத்தைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தளர்வாகத் தாங்கிக்கொள்வர்; மற்ற விரல்கள் உடலைச் சூழ்ந்திருக்குமேயன்றி இறுக்குவதில்லை. கடல் கடந்து வந்த பறவையையும் துணியும் விரலும் நலமாகக் காக்க வல்லவை என்பது இதனால் விளங்கும்.

துண்டிலும் தெரிவு வேண்டும். சுருள் இழைகள் மேலெழுந்து நிற்கும் பூத்துவாலையில் பறவையின் நகம் சிக்கிக்கொள்ளும். உதறும்போது விரல் பிசகும். ஆதலின், நெருங்க நெய்த மெல்லிய பருத்தித் துண்டே ஏற்றது. அது தூய்மையாகவும், கிழிசலும் தொங்கும் நூலும் இல்லாததாகவும் இருத்தல் வேண்டும். சிறுகிளிக்குக் கைக்குட்டை அளவு துணியே போதும். கோழிக்கும் வாத்துக்கும் முழுத்துண்டு வேண்டும். ஒரு பறவைக்குப் பயன்படுத்திய துண்டைத் துவைத்து உலர்த்தாமல் வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் நோய் பரவும்.

பிடிக்குமுன் ஆயத்தங்கள் சில உள. சன்னல்களையும் கதவுகளையும் சாத்த வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சுழலும் விசிறியில் அடிபட்டு மாண்ட பறவைகள் பல. நகவெட்டி, மருந்து, பஞ்சு முதலியவற்றை அருகில் எடுத்து வைக்க வேண்டும். பறவையைப் பிடித்த பின்னர்ப் பொருளைத் தேடுவது அதன் துன்பத்தை நீட்டிப்பதாகும். கூண்டிலுள்ள ஊஞ்சலையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வெளியே எடுத்துவிட்டு, அறையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இனிப் பிடிக்கும் முறையைக் காண்போம். துண்டை மேலிருந்து வீசுதல் ஆகாது. மேலிருந்து இறங்குவது பருந்தின் இயல்பு. அந்நிழலே பறவையைக் கலங்கச் செய்யும். மெல்லிய குரலில் பேசிக்கொண்டே பக்கவாட்டில் கையைக் கொண்டு செல்ல வேண்டும். துண்டால் முதுகுப்புறமாகப் போர்த்தி, பெருவிரலும் சுட்டுவிரலும் தலையின் இருபுறமும் தாடையை ஒட்டி அமையுமாறு பிடிக்க வேண்டும். தொண்டையை நெரித்தல் கூடாது. மற்றொரு கையால் சிறகுகளைத் துண்டோடு அணைத்துக் கால்களைத் தாங்கிக்கொள்ள வேண்டும். துண்டின் இரு ஓரங்களும் மார்பின்மீது இறுகாமல் தளர்ந்திருக்க வேண்டும். மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று இடைவிடாமல் நோக்க வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் பணியைச் செய்வது நன்று.

காலத்தையும் கருத வேண்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அலகைத் திறந்து இரைத்தே தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். துண்டினுள் இருக்கையில் அச்சூடு வெளியேறாது. சித்திரை வைகாசி வெயிலில் இவ்விடர் மிகுதியாகும். எனவே, காலையிலோ மாலையிலோ குளிர்ந்த வேளையில் இப்பணியைத் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் முடித்தல் வேண்டும். பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், கண் செருகினாலும், திடீரெனத் துவண்டாலும், பணி பாதியில் நின்றாலும் பாதகமில்லை என்று உடனே விட்டுவிட வேண்டும். நகத்தை நாளையும் வெட்டலாம். போன உயிரை மீட்க இயலாது. விடும்போதும் காற்றில் எறியாமல், கூண்டின் தரையிலோ தாழ்ந்த கொம்பிலோ இறக்கிவிட வேண்டும்.

நகம் வெட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. நகத்தின் உள்ளே குருதிக்குழல் ஓடுகிறது. வெளிறிய நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கரிய நகத்தில் தெரியாது. ஆதலால் நுனியை மட்டுமே சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். பறவையின் குருதி அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 35 கிராம் எடையுள்ள சிறுகிளியின் உடலில் ஓடுவது ஏறக்குறைய 3.5 மில்லிலிட்டர் குருதியே. துளிகளாக எண்ணினால் எழுபது. நமக்குப் பொருட்டாகாத சில துளிகள் அதற்குப் பேரிழப்பாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். குருதி கசிந்தால் நகத்தின் நுனியில் மாவை வைத்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்கவில்லையெனில் மருத்துவரை நாட வேண்டும். மருந்து புகட்டும்போதும் கவனம் தேவை. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியை ஒட்டியே இருக்கிறது. எனவே அலகின் ஓரத்தில் துளித்துளியாக இட்டு, அது விழுங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். மனிதருக்குரிய மருந்தை நாமே அளவிட்டுக் கொடுத்தல் தகாது. தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது; ஊர்தோறும் கால்நடை மருந்தகங்களும் உள்ளன.

கோழியைக் கால்களில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் காற்றுப்பைகளின்மீது அழுந்தும். கோழி மூச்சுக்குத் தவிக்கும். அது சத்தமின்றித் தொங்குவதைக் கண்டு அமைதி என்று மயங்கலாகாது. சிறகுகளை உடலோடு சேர்த்துக் கக்கத்தில் அணைத்து, கீழே கையால் தாங்கி எடுப்பதே முறை. வாத்தின் கால்கள் மெலிந்தவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் ஊனம் நேரும். புறாவின் கால்களை இருவிரல்களுக்கிடையே அமைத்து, பெருவிரலைச் சிறகுகளின்மேல் மெல்ல வைத்தால் அது அடங்கியிருக்கும்.

துண்டைக் கண்டாலே பறவை நடுங்காதவாறு பழக்குவதும் இயலும். நலமாக இருக்கும் நாட்களிலேயே துண்டைக் கூண்டின் அருகில் விரித்து வையுங்கள். அதன்மீது தினையைத் தூவுங்கள். சில நாட்களில் பறவை தானே வந்து கொறிக்கும். பின்னர் ஓரத்தை முதுகில் ஒரு கணம் படியவிட்டு எடுத்து, மீண்டும் தினை கொடுங்கள். இவ்வாறு நாளடைவில் துண்டு அச்சம் தரும் பொருளாக இராமல் பழகிய பொருளாகிவிடும். நோய் வரும் நாளில் இப்பழக்கமே அதன் உயிரைக் காக்கும்.

இக்கலை வளர்ப்புப் பறவைக்கு மட்டும் உரியதன்று. காவிரிக் கழிமுகம் புயல்களின் வழியில் உள்ள நிலம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தபோது, கோடியக்கரைக் காட்டில் விலங்குகளும் பறவைகளும் பல மாண்டன. அத்தகைய நாட்களில் சிறகொடிந்த பறவையொன்று நம் வாயிலில் வந்து விழலாம். அதனை மெல்லத் துண்டால் மூடி எடுத்து, காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, அமைதியான இடத்தில் இருத்தி, வனத்துறைக்கு அறிவிக்க வேண்டும். மயங்கிய பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றுவது கூடாது. அது மூச்சுக்குழலில் புகுந்து கொல்லும். எப்பறவையைத் தொட்டாலும் பின்னர்க் கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவ வேண்டும்.

வாயில்லா உயிர்களுக்குத் தேவையற்ற துன்பம் இழைப்பதைத் தடுக்க நம் நாட்டில் 1960ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதற்காக மாநிலங்கள் அவையில் வாதாடியவர் பரதக்கலை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆயினும் மூடிய அறையில், ஒரு துண்டின் மடிப்பினுள், சட்டத்தின் கண் புகாது. அங்குப் பறவையைக் காப்பது பிடித்தவரின் அறிவும் அருளுமே.

சிபியின் கதையில் புறாவைக் காக்கத் தசையை அரிய வேண்டியிருந்தது. நம்மிடம் அத்துணைப் பெரிய தியாகத்தை எப்பறவையும் கேட்பதில்லை. தன் மார்பு அசைவதற்குச் சிறிது இடத்தையே அது கேட்கிறது. வலிமை உடையவர் தம் பிடியைத் தளர்த்தத் தெரிந்துகொள்ளும்போதுதான், எளிய உயிர் அவர் கையில் அடைக்கலம் பெறுகிறது.